குப்பைப் பையில் இருந்த ஊசி: ஒப்பந்தப் பணியாளருக்கு யார் பொறுப்பு?

கடிதம் எழுதிய சகோதரிக்கு வயது 34. ஒரு தனியார் மருத்துவமனையில், ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் மூலம் எட்டு மாதமாகத் துப்புரவுப் பணி செய்கிறார். மாதச் சம்பளம் 13,200 ரூபாய். அதில் 99 ரூபாயை ஈ.எஸ்.ஐ.க்கு (தொழிலாளர் அரசு காப்பீடு) என்று பிடிக்கிறார்கள். ஐந்து வாரத்துக்கு முன் இரவுப் பணியில், வார்டிலிருந்து கட்டி வைத்த மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது உள்ளே கிடந்த ஊசி பையைக் கிழித்துக்கொண்டு தொடையில் ஆழமாகக் குத்திவிட்டது. டெட்டால் ஊற்றி, ரத்தத்தைப் பிழிந்து விடச் சொன்னார் சூப்பர்வைசர். அவசரப் பிரிவில் டி.டி. ஊசி போட்டு, "ஒன்றும் ஆகாது" என்று அனுப்பிவிட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

பிறகு கேட்டால் மருத்துவமனை, "நீ எங்கள் ஆள் இல்லை, ஏஜென்சியைக் கேள்" என்கிறது. ஏஜென்சியோ, "எது நடந்தாலும் என் சொந்தப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாயே" என்கிறது. வேலைக்குச் சேர்ந்தபோது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி ஒரு தவணை போட்டார்கள், அதோடு சரி. வேலை போய்விடும், பேசாமல் இரு என்கிறார் கணவர். கேஸ் போட்டால் பத்து லட்சம் வரும் என்கிறார் மைத்துனர். அதே வார்டில் வேலை பார்க்கும் ஒரு அக்காவுக்கு டி.பி. வந்திருக்கிறது, அதற்கும் மருத்துவமனை பொறுப்பாகுமா என்றும் கேட்டிருக்கிறார்.

சகோதரி, "பையை நான் ஜாக்கிரதையாகத் தூக்கியிருக்க வேண்டும்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். மஞ்சள் பைக்குள் ஊசி இருக்கவே கூடாது. ஊசி, பிளேடு போன்ற கூரான பொருள்கள், பயன்படுத்திய இடத்திலேயே ஊசி வெட்டியில் வெட்டப்பட்டு, துளைபடாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். அந்த டப்பாவும் முக்கால் பங்கு நிறைந்ததும் மூடப்பட வேண்டும். உங்களைக் குத்திய ஊசி மஞ்சள் பைக்கு வந்ததென்றால், தவறு வார்டில் நடந்திருக்கிறது. ஊசி போட்டவரோ, அவருக்குப் பக்கத்தில் வெள்ளை டப்பா வைக்காத நிர்வாகமோதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கட்டிய பைக்குள் என்ன இருக்கிறது என்று தூக்குகிறவருக்குத் தெரியாது.

முதலில் உங்கள் உடம்பு

டி.டி. ஊசி ரணஜன்னியைத் தடுக்கும், அவ்வளவுதான். ரத்தத்தின் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்று கிருமிகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கடிதம் முழுவதும் எச்.ஐ.வி. பற்றிய பயம் தெரிகிறது. ஆனால் உங்கள் நிலையில் நான் அதிகம் கவலைப்படுவது ஹெபடைடிஸ் பி பற்றித்தான். தொற்று உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசியின் பாதுகாப்பு இல்லாத ஒருவரைக் குத்தினால் ஹெபடைடிஸ் பி பரவும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றுக்கு இரண்டுக்கும் சற்றுக் குறைவு. எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு மூன்று. அந்த ஊசி யாருக்குப் போட்டது என்பதே உங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தொற்று இருந்திருந்தால்தான் இந்தக் கணக்கு. ஆகவே உங்களுக்கான வாய்ப்பு இதைவிடக் குறைவு. ஆனாலும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். குப்பையில் கிடந்த பழைய ஊசிதானே என்று விட முடியாது.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி-க்கு உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது; ஏழு நாளுக்குப் பின் பயன் உறுதியில்லை. இந்த இரண்டு வாய்ப்பும் கடந்துவிட்டன. அவற்றை உங்களுக்குத் தராமல் விட்டது மருத்துவமனை. அதைப் பிறகு பேசுவோம். இப்போதும் கைவசம் இருப்பது நிறைய.

இந்தப் பதிலை நீங்கள் படிக்கும்போது ஆறாவது வாரம் நெருங்கியிருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ போங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அங்குள்ள நம்பிக்கை மையத்தில் இலவசம். ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசம். "வேலை செய்யும் இடத்தில் ஊசி குத்தியது" என்று சொல்லி, ஓ.பி. சீட்டில் குத்திய தேதியோடு எழுதச் சொல்லுங்கள். கேட்க வேண்டிய பரிசோதனைகள் இவை:

ஹெபடைடிஸ் பி-க்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. (கிருமி உடம்பில் இருக்கிறதா), ஆன்டி எச்.பி.சி. (எப்போதாவது தொற்றியதா), ஆன்டி எச்.பி.எஸ். (எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா) ஆகிய மூன்றும் இப்போது; முதல் இரண்டும் ஆறாம் மாதம் மறுபடியும்.

ஹெபடைடிஸ் சி-க்கு ஆன்டி எச்.சி.வி. இப்போது, வசதி இருந்தால் கூடவே கிருமியையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை, ஆறாம் மாதம் ஆன்டி எச்.சி.வி. மறுபடியும்.

எச்.ஐ.வி.க்கு ஆறாவது வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம்.

ரத்தம் கொடுத்த பிறகுதான் தடுப்பூசி. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். தடுப்பூசி போட்ட சில நாள்களுக்கு, அதன் காரணமாகவே எச்.பி.எஸ்.ஏ.ஜி. இருப்பதாகக் காட்டிவிடக்கூடும், வீண் குழப்பம் வரும். எட்டு மாதத்துக்கு முன் போட்ட முதல் தவணை வீணாகிவிடவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இரண்டாம் தவணையை இப்போது போட்டுக்கொண்டு, குறைந்தது எட்டு வாரம் கழித்து மூன்றாவதைப் போடுங்கள். அதற்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து ஆன்டி எச்.பி.எஸ். அளவு பார்க்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது. மருத்துவமனைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கடைசிப் பரிசோதனைதான். மூன்று தவணையும் போட்ட சிலருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகாது. அளந்து பார்க்காமல் அது தெரியவராது.

மூன்றாம் மாத முடிவு வரும் வரை தாம்பத்தியத்தில் ஆணுறை வேண்டும். ஆறு மாதம் ரத்த தானம் வேண்டாம். சேர்ந்து சாப்பிடுவதாலோ, குழந்தையை அணைத்துக்கொள்வதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ இவை எதுவும் பரவாது. ஒருவேளை ஹெபடைடிஸ் சி வந்தாலும், பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் முழுமையாகக் குணமாகிறது. பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஹெபடைடிஸ் பி, நூற்றில் சுமார் 95 பேருக்குத் தானாகவே விலகிவிடும்.

குத்திய அன்று ரத்தம் எடுக்காதது ஏன் பெரிய பிழை

ஊசி குத்திய அன்றே எடுக்கும் ரத்தம் நோயைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல. அன்று வரை இவருக்குத் தொற்று இல்லை என்று பதிவு செய்வதற்காக. அது இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்துத் தொற்று தெரியவரும்போது "முன்பே இருந்திருக்கும்" என்று நிர்வாகம் எளிதாகச் சொல்லிவிடும். உங்கள் விஷயத்தில் இதைச் சரிக்கட்ட இரண்டு வழிகள் உள்ளன.

உங்களுக்கு நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பகாலப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி-யும் பார்த்திருப்பார்கள். அந்த அட்டையைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் பதிவு செய்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இரண்டாவது, ஐந்தாறு வாரம் கழிந்தும்கூட இப்போது எடுக்கும் பரிசோதனை பயன்படும். ஹெபடைடிஸ் பி-யும் சி-யும் ரத்தத்தில் வெளிப்படப் பல வாரம், சில சமயம் மாதங்கள் ஆகும். ஆகவே இன்று ஆன்டி எச்.பி.சி.யும் ஆன்டி எச்.சி.வி.யும் இல்லை என்று வந்தால், பழைய தொற்று இல்லை என்பதற்கு அது நல்ல ஆதாரம். பரிசோதனையை ஒவ்வொரு வாரமாகத் தள்ளிப்போட்டால் இந்த ஆதாரம் வலுவிழக்கும்.

"நீ எங்கள் ஆள் இல்லை"

இதைச் சொல்ல மருத்துவமனைக்கு இடமில்லை. மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, கடமையை ஏஜென்சி மீது போடவில்லை. கழிவு உண்டாகும் நிறுவனத்தின் நிர்வாகம் யார் கையில் இருக்கிறதோ அவர் மீது போடுகிறது. மருத்துவப் பணியாளர்களோடு, கழிவைக் கையாளும் மற்ற அனைவரையும் சேர்த்தே அந்த விதி பேசுகிறது. சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பது அங்கே கேள்வியே இல்லை. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்குத் தடுப்பூசி, சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவதும் பயிற்சி, அதேபோல் சேரும்போதும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை, தகுந்த பாதுகாப்பு உடை ஆகிய எல்லாம் அந்த நிர்வாகத்தின் கடமை. பாதுகாப்பு உடை என்றால் ஊசி போடும்போது அணியும் மெல்லிய கையுறை அல்ல. கழிவு தூக்குகிறவருக்குத் தடித்த ரப்பர் கையுறை, கணுக்கால் மூடிய பூட்ஸ், நீர் புகாத ஏப்ரன் வேண்டும். பையை உடம்பில் உரசத் தூக்காமல் தள்ளிப் போக மூடிய தள்ளுவண்டியும் வேண்டும். மாடியிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க வைத்ததே முறை தவறியதுதான்.

இன்னொரு சட்டம் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. பணியில் எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் உள்ளவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும், பயிற்சியும், ஊசி குத்தினால் தடுப்பு மருந்தும் தருவது அந்த நிறுவனத்தின் கடமை என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. உங்களுக்கு அந்த மாத்திரை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"சொந்தப் பொறுப்பு" என்று வாங்கிய கையெழுத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பணியில் ஏற்படும் காயத்துக்கான இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொல்லியிருக்கிறது.

உங்களுக்கு மிகவும் உதவப்போவது அந்தச் சட்டத்தில் இருந்த தொழில்நோய்ப் பட்டியலின் முதல் வரி. தொற்றும் அபாயம் உள்ள பணியில் வரும் தொற்றுநோய்கள்தான் பட்டியலில் முதலாவது. மருத்துவ, ஆய்வகப் பணிகள் அதில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட பணியில் இருக்கும்போது அந்த நோய் வந்தால், அது பணியால் வந்த விபத்துக் காயமாகவே கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிக்கும் பாரம் எதிர்த்தரப்புக்கு. இத்தனை மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இந்தப் பகுதியில் இல்லை. எந்த நோயாளியின் ஊசி என்று நீங்கள் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியதில்லை. 2025 நவம்பர் 21 முதல் 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டன. அந்த முதல் வரி அதிலும் அப்படியே இருக்கிறது.

பணம் பற்றி

மைத்துனர் சொன்ன பத்து லட்சத்தை மனதில் வைத்து எதையும் தொடங்காதீர்கள். ஊசி குத்தியது மட்டும் இழப்பீடு தராது. நோயோ, வேலை செய்ய முடியாத நிலையோ வந்தால்தான் அந்தக் கேள்வி எழும். அப்படி வந்தாலும், ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு அந்த இழப்பீடு ஈ.எஸ்.ஐ. வழியாகத்தான். ஒரே காயத்துக்கு அங்கும் வாங்கி, முதலாளியிடம் தனியாக இழப்பீட்டுச் சட்டப்படியும் வாங்க முடியாது. ஆனால் ஈ.எஸ்.ஐ. தருவது சிறியதல்ல. பணிக் காயம் என்று ஏற்கப்பட்டால் சிகிச்சை முழுவதும் இலவசம். வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் வரும். சாதாரண நோய் விடுப்பு என்று பதிந்தால் 70 சதவீதம்தான், அதுவும் 91 நாள் வரைதான். படுக்கையில் சேர்ந்தால்தான் ஈ.எஸ்.ஐ. என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அப்படி இல்லை, மருந்தகத்துக்குப் போய் வருவதற்கும் உண்டு.

சம்பளத்தில் 99 ரூபாய் பிடித்தார்கள் என்பதால் மட்டும் அது கட்டப்பட்டதாக ஆகாது. உங்கள் பத்து இலக்க ஈ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி, கிளை அலுவலகத்தில் சரிபாருங்கள். ஏஜென்சி கட்டாவிட்டால் மருத்துவமனைதான் முதலில் கட்ட வேண்டும். முதன்மை முதலாளி என்ற முறையில் அந்தப் பொறுப்பு அதற்கு உண்டு. பதிவே செய்யவில்லை என்று தெரிந்தால், தொழிலாளர் துணை ஆணையரிடம் இழப்பீட்டு மனு போடும் வழி திறக்கிறது; அதற்கு இரண்டு ஆண்டு காலவரை உண்டு.

எழுத்தில் கொடுங்கள்

வாய்மொழியாகச் சொன்னதெல்லாம் நாளை இல்லை என்று ஆகிவிடும். ஒரு பக்கக் கடிதம் போதும். தேதி, நேரம், எந்த மாடி, எந்த வார்டின் பை, என்ன நிறம், உடம்பில் எங்கே குத்தியது, யாரிடம் சொன்னீர்கள், என்ன சிகிச்சை தந்தார்கள், யார் பார்த்தார்கள் என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம். கீழே நான்கு கோரிக்கைகள்: விபத்துப் பதிவேட்டில் பதிய வேண்டும்; ஈ.எஸ்.ஐ.க்குப் படிவம் 12-இல் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். ஆறு மாதப் பரிசோதனைகளுக்கும் மீதித் தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். இவற்றின் நகல் எனக்கு வேண்டும். மருத்துவமனை நிர்வாக அதிகாரிக்கு ஒன்று, ஏஜென்சிக்கு ஒன்று என ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ஒரு நகலை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அவர்கள் படிவம் 12 அனுப்ப மறுத்தாலும், உங்கள் கடிதத்தை வைத்து ஈ.எஸ்.ஐ. விசாரிக்கலாம்.

அன்று இரவே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அழித்துவிடாதீர்கள், வேறொரு போனிலும் சேமித்து வையுங்கள். டி.டி. போட்ட அவசரப் பிரிவுச் சீட்டும், அன்றைய பணிப் பட்டியலும் இருந்தால் வலு கூடும். கழிவுப் பைகளுக்கு பார்கோடு ஒட்ட வேண்டும் என்பதும் விதி. ஒட்டியிருந்தால் அன்றைய பையின் விவரம் பதிவில் இருக்கும். ஒட்டவில்லை என்றால் அதுவும் உங்கள் புகாருக்கு ஆதாரம்தான்.

ஊசி குத்துவது கழிவு விதிகளின்படி "பெரிய விபத்து" அல்ல. 24 மணி நேரத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்கும் கடமை பெரிய விபத்துக்குத்தான். இதைக் காட்டி நிர்வாகம் தப்பிக்கப் பார்க்கலாம். ஆனால் மற்ற எல்லா விபத்துகளையும், அதற்கு எடுத்த நடவடிக்கைகளையும் ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அந்த அறிக்கை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30-க்குள் போக வேண்டும். மருத்துவமனை இணையதளத்திலும் போட வேண்டும். விபத்து ஒன்றுமில்லை என்று அதில் இருந்தால், வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் புகார் கொடுக்கலாம்.

வேலை போகுமா?

உங்கள் கணவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்த வேலையில் நீக்குவது என்று சொல்லி நீக்குவதில்லை; வேறு இடத்துக்கு மாற்றுவார்கள், அல்லது "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று போனில் சொல்வார்கள். ஈ.எஸ்.ஐ. உதவித்தொகை பெறும் காலத்தில் நீக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மற்ற நாள்களில் அந்தக் கவசம் இல்லை. ஆனால் புகார் எழுத்தில் போன பிறகு நீக்கினால், அது பழிவாங்கல் என்று காட்டத் தேதிகளே போதும். பேசாமல் இருந்துவிட்டு ஆறாம் மாதம் நோய் தெரியவந்தால் வேலையும் போகும், ஆதாரமும் இருக்காது. முடிந்தால் தனியாகப் போகாதீர்கள். தடுப்பூசி முழுமையாகப் போடாத மற்றவர்களும் உங்களோடு இருப்பார்கள். அவர்களும் கையெழுத்திட்ட கடிதத்தை எளிதில் ஒதுக்க முடியாது.

எச்.ஐ.வி. முடிவு எதுவானாலும் அதை நிர்வாகத்திடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தப் பரிசோதனை செய்யவும் கூடாது. எச்.ஐ.வி. இருப்பதைக் காரணமாக்கி வேலையிலிருந்து நீக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் மருத்துவமனையில் இதற்கென்று புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும்.

அந்த அக்காவின் டி.பி.

தொழில்நோய்ப் பட்டியலின் அதே முதல் வரிதான் அவருக்கும். நெஞ்சு நோய் வார்டைப் பெருக்குகிறவருக்கு என்-95 முகக்கவசம் வேண்டும்; துணியோ, நீல நிற சாதா முகக்கவசமோ டி.பி. கிருமியைத் தடுக்காது. ஊசி குத்துவதுபோல இன்ன நாள் என்று காட்ட முடியாததால் டி.பி.யில் தகராறு அதிகம் வரும். எந்தெந்த மாதம் எந்த வார்டில் வேலை என்ற பணிப் பட்டியலை அவர் இப்போதே சேகரிக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் டி.பி.யைப் பெரும்பாலும் நீண்டகால நோய் என்றே பதிவார்கள். அதில் ஊதியத்தில் 80 சதவீதம், அதுவும் இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குத்தான். பணிக் காயம் என்று பதியச் சொல்லி எழுத்தில் கேட்கட்டும். சிகிச்சைக் காலத்தில் அரசின் சத்துணவு உதவி மாதம் 1,000 ரூபாயும் அவருக்கு உண்டு. அவரோடு ஒரே அறையில் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். நீங்களும் அதில் சேர்த்திதான்.

நாளை இன்னொருவருக்குக் குத்தினால்

உங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் ரத்தம் தெறித்தால் வெறும் தண்ணீரில் மட்டும். பிழியக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, டெட்டாலும் பிளீச்சிங்கும் ஊற்றக் கூடாது. அவை திசுவைப் புண்ணாக்கும், கிருமியைக் குறைக்காது. இரவானாலும் 2 மணி நேரத்துக்குள் பணி மருத்துவரைப் பார்த்து, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் தவணையைக் கேட்க வேண்டும். அங்கே இல்லை என்றால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அன்றே ரத்தம், அன்றே பதிவேடு.

எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்கு 1097-ஐ அழைக்கலாம், கட்டணமில்லை. வழக்கறிஞர் தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100. கடிதம் எழுதக் கை நடுங்கினால் அங்கே உள்ளவர்களே எழுதித் தருவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் குத்திய தேதி சரியாக இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.